சுருட்டுப் பெட்டியில் வசம்பு

எங்கள் மகள் பிறந்த வருடம் என் வீட்டுக்காரர் பீடியை விட்டார். அவளுக்கு வீசிங் இருந்தது. அதனால், பல வருடம் கழித்து, கப்பலில் வேலை பார்த்த அவருடைய சினேகிதர் ஒரு மரப்பெட்டி நிறையச் சுருட்டு கொண்டுவந்து கொடுத்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனுஷர் கிளம்பும்போது வாசலில் நின்று பக்குவம் வேறு சொன்னார். “காஞ்சாலும் கெட்டுரும், நனைஞ்சாலும் கெட்டுருங்க. வருசம் ஆக ஆகத்தான் காரம் அடங்கி மணம் ஏறும்.”

எங்கள் காரிமங்கலம் வெயிலில் எது காயாமல் இருக்கும்? இவர் ஒரு வழி கண்டுபிடித்தார். தண்ணீர்ப் பானை வைக்கிற ஈர மணலுக்குப் பக்கத்தில் இரண்டு செங்கல் போட்டு, அதன்மேல் பெட்டியை வைத்தார். சித்திரையில் மணலுக்கு இரண்டு வேளை தண்ணீர் தெளிப்பார். ஐப்பசி மழையில் பெட்டியை அலமாரிக்கு மாற்றுவார். மாதம் ஒருமுறை ஒவ்வொன்றையும் புரட்டி வைத்து, முகர்ந்து பார்த்து, மூடிவிடுவார். நான் போடும் ஊறுகாய்க்குக்கூட இந்த உபசாரம் கிடையாது. எப்போதுதான் பிடிப்பீர்கள் என்று கேட்டதற்கு, “பேரப்புள்ள பொறக்கட்டும்” என்றார்.

அப்போது மகளுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். பிறகு இரண்டு முறை உண்டானாள், இரண்டும் தங்கவில்லை. இவர் மணலுக்குத் தண்ணீர் தெளிப்பதை நிறுத்தவில்லை. நானும் பெட்டியைக் கேலி செய்வதை விட்டுவிட்டேன்.

மூன்றாவது ஒன்பதாம் மாதம் வரை வந்தது. அவளைப் பிரசவத்துக்கு அழைத்துவர இவர் பெங்களூருக்குப் போனார். “பொட்டியப் பாத்துக்கம்மா” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மறுநாள் திறந்தேன். ஒரு சுருட்டில் ஊசியால் குத்தியது போல ஓட்டை, அடியில் பழுப்புத் தூள். வண்டு. அவரைக்கொட்டையில் வண்டு விழுந்தால் என்ன செய்வோமோ அதையே செய்தேன். எல்லாவற்றையும் முறத்தில் பரப்பி மொட்டைமாடியில் காயப்போட்டேன். பெட்டியைத் துடைத்து நாலு துண்டு வசம்பு போட்டேன், கைக்குழந்தைக்கு உரசி வைக்கிற அதே வசம்பு. மத்தியானம் போய்த் தொட்டால், மேல் இலை அப்பளமாக நொறுங்கியது. எல்லாவற்றையும் அப்படியே பெட்டியில் வசம்போடு அடுக்கி மூடினேன்.

நாலு வருடப் பக்குவத்தை நாலு மணி நேரத்தில் தீர்த்துவிட்டேன். சுருட்டு போனால் போகட்டும். அவர் மனதில் அது பேரப்பிள்ளையோடு முடிச்சுப் போட்டு வைத்த பொருள். பிள்ளை வருவதற்குள் அதைக் கெடுத்துவிட்டேனே, அவர் அதை அபசகுனமாக எடுத்துக்கொண்டால் என்ன செய்வேன் என்பதுதான் என் பயம்.

அவர் மகளோடு வந்து சேர்ந்து, அவள் படுத்த பிறகு சொன்னேன். “வண்டு இருந்துதுங்க. தெரியாம வெயில்ல போட்டுட்டன்.”

திறந்து பார்த்தார். மூடினார். “அவகிட்ட சொல்லாத” என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அடுத்த பதினைந்து நாள் நான் எந்தச் சாமியையும் விட்டுவைக்கவில்லை.

பெண் குழந்தை. தருமபுரி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் இவர் பெட்டியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். பின்னாலேயே போனேன். பற்றவைத்ததும் சுருட்டு சடசடவென்று பொரிந்து, பொறி பனியனில் விழுந்தது. ஒரு இழுப்பு இழுத்து இருமினார்.

“எப்படிங்க இருக்குது?”

“வசம்பு வாசந்தான் வருது” என்றார். மறுபடி இழுத்தார். கண்ணில் தண்ணீர். புகையால் என்று நான் நினைத்துக்கொள்ளட்டும் என முகத்தைத் திருப்பிக்கொண்டார். “பச்சப்புள்ள இருக்கற வூட்டு வாசம்.”

எனக்கும் அழுகை வந்துவிட்டது.

பாதியில் அணைத்துவிட்டார். கீழே வந்து சோப்புப் போட்டுக் குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்ட பிறகுதான் தொட்டில் பக்கம் வந்தார். ஆணியில் மாட்டியிருந்த மஞ்சள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய புது வசம்பு.

“பொட்டியில கெடக்கறத பாப்பாவுக்கு வெச்சிராத. சுருட்டு நாத்தம் அடிக்கும்.”