வேரோடு வரும் பார்லி

எங்கள் ஊரில் பார்லியை அறுப்பதில்லை, வேரோடு பிடுங்குவோம். பனிக்கால ஆறு மாதமும் மாடுகளுக்கு அந்தத் தாளும் வேரும்தான் தீனி.

ஸ்கர்மா அச்சே என் கணவரின் அக்கா; அக்காவை அச்சே என்போம். பக்கத்து வயல் அவளுடையது. பிடுங்கும்போதே விதைக்கதிரைத் தனியாக ஒதுக்கிவிடுவாள். கதிர் பெருத்தால் மட்டும் போதாது. தாள் இடுப்புக்கு வளர வேண்டும், காற்றுக்குச் சாயக்கூடாது, இழுத்தால் ஒடியாமல் வேர் வர வேண்டும். இருபது வருடமாக அப்படிப் பொறுக்கிய விதைக்கு ஸ்கர்மா பார்லி என்றே பெயர்.

போன வருடம் மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து புது விதை வந்தது. எங்கள் ஊரில் எல்லா வீடும் ஒரே விதைதான் விதைக்கும். ஒன்றாக முதிர்ந்தால்தான் பிடுங்கி முடித்த வயலில் மாடுகளை மேய அவிழ்த்துவிட நாள் குறிக்க முடியும். தலைவர் நோர்பெல் புதுசுக்கே மாறிவிடலாம் என்றார். அச்சே எதிர்த்துப் பேசவில்லை. இரண்டையும் தன் வயலில் பக்கத்தில் பக்கத்தில் விதைக்கிறேன், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றாள்.

பிடுங்கும் நாளில் ஊரே வந்தது. நோர்பெல் கதிரை உதிர்த்து எண்ணினார். புதுசில் அறுபத்து நாலு மணி, அச்சேயுடையதில் நாற்பத்தெட்டு.

"என்ன ஸ்கர்மா, உன் பார்லிக்கு ஓய்வு கொடுத்துடலாமா?"

"கொடுக்கலாம், அஜாங்லே," என்று மாமா முறை வைத்தே சொன்னாள் அச்சே. "முதல்ல புதுசுல ஒரு பாத்தி பிடுங்கிட்டுப் போங்க."

அவர் தலைவரான பிறகு வயலில் குனிந்ததே இல்லை. இப்போது குனிந்தார். பயிர் முழங்காலுக்குக்கூட வரவில்லை. கைக்குப் பிடி கிடைக்காமல் கதிர் மட்டும் ஒடிந்து வந்தது, வேர் மண்ணிலேயே நின்றது. கால் பாத்தி முடிவதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"வீட்டுல இதைவிட நல்லா என் உயிரைப் பிடுங்குறாரே," என்றாள் அவர் மனைவி. பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

அச்சே சிரிக்கவில்லை. தன் பாத்தியில் இறங்கி, அதே கால் பங்கை மட்டும் கைப்பிடி கைப்பிடியாக இழுத்து, வேர் மண்ணைக் காலணியில் தட்டிப் போட்டாள். அவள் குவியல் இடுப்பளவு வந்தது. அவருடையது கணுக்காலைத் தாண்டவில்லை.

"மணி உங்களுதுதான் ஜாஸ்தி. ஜனவரியில மாட்டுக்கு எதைப் போடுவீங்க?"

நோர்பெல் இரண்டு குவியலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"விதை எவ்வளவு வச்சிருக்க?"

"ஊருக்கே இருக்கு."

அது பெருமைப் பேச்சு இல்லை. அவள் வீட்டில் விதை நிறைந்த குதிர் இருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன். பஞ்ச வருடத்தில்கூட அதில் கை வைக்க விடமாட்டாள்.

எல்லோரும் போன பிறகு அவள் புதுப் பயிருக்குள் திரும்ப நுழைந்தாள். அதிலும் தாள் நீண்டவையாகப் பார்த்து ஏழு கதிரைப் பொறுக்கி, விதைக்கென்று தனியாக முடிந்துகொண்டாள்.