சயாமும் என் வாய் வெற்றிலையும்

போன வெள்ளிக்கிழமை சோழவந்தானில் ஒரு நிச்சயதார்த்தம். பெண் என் அக்கா மகள் வள்ளி. மாப்பிள்ளைக்குப் பர்மாவில், ரங்கூனில் ஓர் அரிசி மில்லில் குமாஸ்தா உத்தியோகம். லீவில் வந்திருக்கிறார். ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம். புரட்டாசியில் இருவருக்கும் கப்பல்.

எல்லாம் பொருந்தி வந்தது. நடுவில் ஜப்பான் வந்து உட்கார்ந்துகொண்டது!

பந்தல், மேளம், சாப்பாடு என்று பேசவேண்டிய இடத்தில் என்ன பேசினார்கள் தெரியுமா? ஜப்பான் அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று!

ஆரம்பித்தது என் மச்சான், வள்ளியின் அப்பா. வெற்றிலைக் கொடிக்காலைத் தவிர வேறு எதற்கும் கவலைப்படாத மனிதர்.

“பேப்பர்ல என்னென்னமோ போடுறாகளே! இந்தோ-சீனாவுல இறங்கிட்டானாம். அடுத்தாப்ல சயாமுங்கிறாக. சயாமைத் தாண்டினா பர்மாதானே?”

மாப்பிள்ளையின் சித்தப்பா சிரித்தார். “நீங்க பொண்ணக் குடுக்கிறது எங்க வீட்டுக்கா, ஜப்பான்காரன் வீட்டுக்கா? சயாம்தான் யார் பக்கமும் சேரமாட்டேன்னு நடுவுல நிக்குதுல்ல? அதைத் தாண்டி எப்படி வருவான்?”

சொல்லிவிட்டுத் தட்டில் இருந்த புடவையைப் பெருமையாக விரித்தார். “ரங்கூன்ல எடுத்தது. அசல் ஜப்பான் பட்டு!”

அக்கா சும்மா இருப்பாளா? “வருவானா மாட்டானான்னு இம்புட்டு நேரம் பேசுறீக. அவன்தான் முன்னாடியே தட்டுல ஏறி வந்துட்டானே!”

கூடமே சிரித்தது. வள்ளி மட்டும் சிரிக்கவில்லை. கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரணம் உண்டு. தாய்மாமன் சரியென்று சொல்லாமல் எங்களில் தட்டு மாற்றமாட்டார்கள். அதோடு, நான் தினமும் பேப்பர் படிக்கிறவன்... வாராவாரம் இந்தப் பத்திரிகையில் எழுதுகிறவன் வேறு.

“மாப்ள, நீ சொல்லு. புள்ளையக் கப்பலேத்தலாமா?” என்றார் மச்சான். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

என் சங்கதிதான் உங்களுக்குத் தெரியுமே. நாலு பேர் கூடினால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அதற்கு நான் ஒரு தந்திரம் வைத்திருக்கிறேன் — வாய் நிறைய வெற்றிலை. மென்றுகொண்டிருப்பவனை யாரும் பதிலுக்கு அவசரப்படுத்துவதில்லை. அன்றும் மச்சான் தோட்டத்து வெற்றிலை நாலு, உள்ளே இருந்தது.

சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது நடந்த ஜெர்மன் சண்டையில் ஜப்பான் இங்கிலீஷ்காரருக்குக் கூட்டாளி. வாத்தியார் அந்தத் தேசத்தை அப்படி மெச்சுவார்! புதுமண்டபத்துக் கடைகளில் ஜப்பான் பொம்மை வாங்காத குடும்பம் மதுரையில் உண்டா? இன்று அதே ஜப்பான் ஜெர்மனியோடு கைகோத்துக்கொண்டு நிற்கிறது. சீனாவில் வருஷக்கணக்காகச் சண்டை போடுகிறது. போதாதென்று தெற்கே இறங்குகிறது. அவ்வளவு பெரிய ராஜ்யமே இப்படி மாறுமென்றால், சின்ன சயாம் எத்தனை நாளைக்கு நடுவில் நிற்க முடியும்?

இதைச் சொல்லவேண்டும். அதற்கு முதலில் வெற்றிலையைத் துப்பவேண்டும். துப்புவதற்கு எழுந்து, அத்தனை பேரையும் தாண்டி, வாசலுக்குப் போகவேண்டும்...

நான் எழுந்திருக்கவில்லை. தொண்டையில் சாறு இறங்கியது. இருமல் வந்தது. தலை அசைந்தது. நானாக ஆட்டினேனா, இருமலில் ஆடியதா? இன்றுவரை எனக்கே நிச்சயமில்லை.

“தாய்மாமன் தலையாட்டிட்டாருப்பா! தட்ட மாத்துங்க!” என்றார் சித்தப்பா.

மாற்றிவிட்டார்கள்.

சாயங்காலம் ரயிலுக்குக் கிளம்பும்போது வள்ளி வாசல்வரை வந்தாள். “மாமா, நெசமாவே பயமில்லையா? நீங்க தலையாட்டுனதாலதான் நான் ஒண்ணும் சொல்லல.”

“பாப்போம்மா” என்றேன். வாயில் வெற்றிலை இல்லாதபோதும் அதுதான் வந்தது.

அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நான் வேலை செய்யும் ஜவுளிக்கடை திறக்கும் முன்பே வாசகசாலைக்கு ஓடுகிறேன். ஒரு பேப்பரில் ஜப்பான் சமாதானம் பேசுகிறது. இன்னொன்றில் கப்பல்களைத் திரட்டுகிறது. எது நிஜம்? கடையில் வேட்டி கேட்டவருக்குத் துண்டை எடுத்துப்போட்டேன். “அண்ணே, எந்த ஊர்ல இருக்கீக?” என்றார் அவர். ரங்கூனில் என்று எப்படிச் சொல்வது?

நடுவில் நிற்பதைப் பற்றி எனக்கு இப்போது ஒன்று புரிகிறது. வாயை மூடிக்கொண்டிருக்கிறவன், தான் யார் பக்கமும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறான். அந்த மௌனத்தை யாருக்குத் தோதோ அவர் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். சயாம் எப்படியோ... நான் அப்படித்தான் போனேன்.

கல்யாணம் நடக்கட்டும். பையன் நல்ல பையன். ஆனால் வள்ளி இப்போது கப்பல் ஏறக்கூடாது. மாப்பிள்ளையும் லீவை நீட்டிக்கொண்டால் இன்னும் நல்லது. இதைச் சொன்னால் சித்தப்பா குதிப்பார். மச்சான், “அன்னைக்கே சொல்றதுக்கு என்ன மாப்ள?” என்பார். ஒருவேளை ஜப்பான் பேசாமல் திரும்பிப் போய்விட்டால், சோழவந்தானே என்னைப் பார்த்துச் சிரிக்கும். சிரிக்கட்டுமே!

நாளைக் காலை ரயிலில் போகிறேன் — வெற்றிலை போடாமல்.