பூவாத்தாள் போன பேச்சுவார்த்தை

1946இல் ராசிபுரத்துப் பக்கம் ஒரு சின்ன நகரசபையில் பூவாத்தாள் தெருக்கூட்டும் வேலை பார்த்தாள். விலைவாசி ஏறியதால் தொழிலாளர் சங்கம் பஞ்சப்படி கேட்டது. இரண்டு முறை பேசப் போனவர்கள் சத்தம் போட்டார்கள். அதையே சாக்காக வைத்துச் சேர்மன் எழுந்து போய்விட்டார். மூன்றாம் முறை, அதிகம் பேசாத பூவாத்தாளைச் சங்கம் அனுப்பியது.

அவள் சேர்மனின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"பட்ஜெட்டுல எடமில்லையே" என்றார் சேர்மன்.

இன்னும் ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்து, "அப்பறமுங்க?" என்றாள்.

வரி வசூல் குறைந்ததைச் சொன்னார். சாக்கடைச் செலவைச் சொன்னார். அவள் நகரவில்லை.

"அப்பறமுங்க?"

சொல்ல வேறொன்றும் இல்லாமல், "கூட்ட அறைக்கு மெத்தை நாற்காலி வாங்க ஒதுக்குன பணந்தான் இருக்குது" என்றார்.

"அதுல குடுத்தீங்கன்னா போதுமுங்க."

சேர்மன் அவளையே பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த வாரம், பழைய மர நாற்காலிகளில் உட்கார்ந்தபடியே நகரசபை உறுப்பினர்கள் மாதம் ஒன்றரை ரூபாய் பஞ்சப்படிக்குக் கை தூக்கினார்கள்.

சங்கம் பூவாத்தாளைத் தலைவியாக்கியது. அப்படி என்னதான் பேசினாய் என்று எல்லோரும் கேட்டார்கள்.

"நான் எங்கீங்க பேசுனேன்? அவருதான் பேசிக்கிட்டே இருந்தாருங்க" என்றாள்.