தண்ணி கம்மி

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பது எங்கள் தெருவே ஒத்துக்கொண்ட விஷயம். ஆவடியில் ராணுவத் தளவாடம் செய்யும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. மெஷின் டிராயிங்குகளைப் பார்த்துப் பார்த்து வந்த இங்கிலீஷ்தான் என்னுடையது. ஆனால் சென்னீர்குப்பத்தில் யாருக்கு இங்கிலீஷில் கடுதாசி வந்தாலும் என்னிடம்தான் எடுத்துவருவார்கள். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை. தெரியாத வார்த்தை வந்தால் குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்லிவிடுவேன். அதுவரை அதனால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். என் மனைவிக்கு எட்டாம் மாதம், முதல் பிரசவம். மாசத்துக்கு ஏற்ற வயிறு இல்லை என்று பூந்தமல்லி டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துவரச் சொன்னார். அப்போதெல்லாம் எல்லோரும் ஸ்கேன் எடுக்கமாட்டார்கள், ஏதாவது கோளாறு என்றால்தான். குமணன்சாவடியில் புதிதாகத் திறந்திருந்த ஸ்கேன் சென்டருக்குப் போனோம். அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டுக்கொண்டு என்னை வெளியே உட்காரவைத்துவிட்டார்கள். திரும்பி வந்தவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"கைய ஆட்டுச்சு மாமா. டிவில வர்ற மாரியே கீது."

டாக்டரிடம் காட்டச் சொல்லி ஒரு கவரை என் கையில் கொடுத்தார்கள். பஸ் ஸ்டாப்பில் நின்று பிரித்துப் படித்தேன். முக்கால்வாசி புரியவில்லை. ஒரு வரி மட்டும் பளிச்சென்று புரிந்தது. 'லிக்கர் ரெட்யூஸ்டு.' லிக்கர் என்றால் என்னவென்று எனக்கா தெரியாது? வேலை விட்டதும் தினமும் அதைத் தேடித்தானே போகிறேன். தண்ணியைக் குறைக்கச் சொல்லி எழுதியிருக்கிறார்கள். அப்படியென்றால் உள்ளே போனவள் என் குடியைப் பற்றிச் சொல்லி அழுதிருக்கிறாள்.

வீடு வந்து சேர்ந்தோம். கதவைச் சாத்தியதும் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டி, டாக்டராண்ட என் மானத்த வாங்கிக்கினு வந்துகிறியா?"

"நான் இன்னா சொன்னேன்? கொயந்தைய பத்தி இன்னா எழுதிக்கீதுனு சொல்லு மொதல்ல."

"எல்லாம் நார்மல்தான். போய் வேலையப் பாரு."

அந்த 'நார்மலை' வைத்துக்கொண்டு அவள் தெருவெல்லாம் சந்தோஷமாகச் சொல்லிவிட்டு வந்தாள். டாக்டரம்மாவிடம் நான் அவளை அழைத்துப் போகவில்லை. குடிகாரன் என்ற பெயரோடு அந்த அம்மா முன்னால் நிற்க எனக்கு வெட்கம். அதற்குப் பதிலாக, ரோஷத்தில் குடியை நிறுத்தினேன். ஒரு வாரம் தொடவே இல்லை. எழுதியிருந்ததைச் செய்துவிட்டோம், இனி அங்கே நமக்கென்ன வேலை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஒருநாள் காலையில், "புள்ள முன்ன மாரி அசைய மாட்டேங்குது மாமா" என்றாள்.

ஆட்டோ பிடித்து ஓடினோம். டாக்டரம்மா வயிற்றில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டார். ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்ததும் முகம் மாறியது.

"தண்ணி கம்மின்னு தெளிவா எழுதியிருக்கே. ஏன் அன்னைக்கே வரல?"

"இப்ப சுத்தமா உட்டுட்டேன் டாக்டர்" என்றேன் நான்.

"எதை?"

"தண்ணிய."

அவர் சிரிக்கவில்லை. "பனிக்குடத்துத் தண்ணிய்யா அது! குழந்தை மிதக்கிற தண்ணி. அதைத்தான் நாங்க லிக்கர்னு எழுதுவோம்."

என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் தாங்க முடியாமல் தரையைப் பார்த்தேன்.

"ரிப்போர்ட்டை வச்சுக்கிட்டு இத்தனை நாள் என்ன பண்ணீங்க? யாரோட அலட்சியம் இது?"



"நாந்தான் டாக்டர்" என்றாள் அவள். "அலைச்சலாக் கீதுனு வராம இருந்துட்டேன்."

டாக்டரம்மா அவளைப் பிடிபிடியென்று பிடித்தார். நான் பக்கத்திலேயே மரம் மாதிரி நின்றேன். இல்லை டாக்டர், நான்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை.

உடனே ஆபரேஷன். பெண் குழந்தை, கோழிக்குஞ்சு அளவுக்குத்தான் இருந்தாள். கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். பிழைப்பாளா மாட்டாளா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. வார்டில் என் மனைவிக்கு 'ரிப்போர்ட்டைக் காட்டாத பொம்பளை' என்று பெயர் ஆகிவிட்டது. ஊசி போட வந்த நர்ஸ்கூட அதைச் சொல்லித்தான் திட்டினாள். நான் பிளாஸ்க்கில் பால் வாங்கி வந்து ஊற்றிக் கொடுத்துக்கொண்டு, அதையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

குழந்தைக்கு இனிப் பயமில்லை என்று சொன்ன அன்று என்னால் அடக்க முடியவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து அழுதேன்.

"என்னைக் காட்டிக் குடுக்காம பயிய நீ ஏத்துக்கினியே" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"நீதான்னு சொல்லியிருந்தா அந்தம்மா உன்னக் கேக்கும், நீ ஒண்ணு சொல்லுவ, அதுலயே நேரம் பூடும். உள்ள எம்புள்ள துடிச்சிக்கினு கீது" என்றாள். "உனுக்காவ சொன்னேன்னா நெனச்சிக்கினு கீற?"