காய்ந்த கண்மாயில் மேடை போட்ட கஸ்தூரி

செய்தி வந்தபோது நான் தண்ணீருக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். அழகர்கோவில் சாலையில் ஒரு விடுதிக் குளத்தில் புதிதாகக் கோர்த்த மிதவை மேடை. கடைசி முளையைத் திருகிவிட்டு நிமிர்ந்தேன், கைப்பேசி அடித்தது. கஸ்தூரியின் தம்பி.

"அக்கா, எங்க நிக்கிறீங்க?" என்றார்.

"தண்ணி மேலதான் தம்பி" என்றேன் பெருமையாக.

"மொதல்ல உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். கஸ்தூரி காலையில் காபி குடித்துவிட்டு நெஞ்சு அடைக்கிறது என்றாளாம். ஆட்டோவில் ஏற்றினார்களாம். ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்குள் முடிந்துவிட்டதாம். இன்னாலில்லாஹி என்று வாய் தானாகச் சொன்னது. மனம் ஒத்துக்கொள்ளவில்லை. முந்தின நாள் சாயங்காலம்தான் முளைகளைச் சரியாகத் திருகவில்லை என்று என்னை அந்தத் திட்டு திட்டியிருந்தாள்.

அஞ்சலியில் 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை என்று சொன்னார்கள். ஒரே வயது, ஒரே கடை, ஒரே சாப்பாட்டு டப்பா. அவளை 'அவர்' என்று எழுதினால் எனக்கே யாரோ என்றிருக்கிறது. கடைக்கு வந்துபோன நீங்கள் எல்லோரும் அவளை அறிந்தவர்கள்தானே, பொறுத்துக்கொள்வீர்கள்.

தல்லாகுளத்தில் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிக் கடையில்தான் நாங்கள் இருவரும் முதலில் வேலை பார்த்தோம். அவள் ஜவுளி வியாபாரம் செய்யும் சௌராஷ்டிரா வீட்டுப் பெண். நான் கோரிப்பாளையத்துக்காரி. ஒரு நாள் பேய்மழையில் கடைக்குப் பின்னால் வைத்திருந்த காலித் தொட்டி ஒன்று மிதந்து, வாசல் தாண்டி, பஸ்களுக்கு நடுவே தெருவில் போனது. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு கத்துகிறார். நாங்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துரத்துகிறோம். பிடித்து நிறுத்தியதும் கஸ்தூரி மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னது இதுதான்: "பானு, இதுமேல ரெண்டு பேர் தாராளமா உக்காரலாம்டி." அவள் முகத்தில் அன்று ஏறிய வெளிச்சம் பிறகு இறங்கவே இல்லை.

அதே வருடம் கொச்சியில் ஒரு கம்பெனியைத் தேடிப் பிடித்துவிட்டாள். உள்ளே காற்று மட்டுமே இருக்கும் சதுரப் பிளாஸ்டிக் பெட்டிகள். பெட்டியின் மூலைகளில் காது போன்ற வளையங்கள் இருக்கும். பக்கத்துப் பெட்டியின் வளையத்தோடு சேர்த்து ஒரு முளையைச் செருகித் திருகினால் இறுகிக்கொள்ளும். வேண்டுமளவு நீளத்துக்குக் கோர்த்தால் படகுத்துறை ரெடி. தண்ணீர் ஏறினால் அதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும். கூடவே படகைத் தூக்கி வைக்கும் இரும்புத் தொட்டில், ஏணி, கயிறு கட்டும் கொண்டி, உயிர்காப்புச் சட்டை என்று துணைச் சாமான்கள். மதுரைப் பக்கத்துக்கு விற்பனை உரிமையை வாங்கி வந்து, என்னையும் வேலையை விடவைத்து, கடை திறந்துவிட்டாள்.

ஊரே சிரித்தது. என்னைப் பெற்ற அத்தா, "மதுரையில படகுத்துறையாம்மா? மொதல்ல ஆத்துல தண்ணியக் காட்டுங்க" என்றார். கஸ்தூரி அசரவில்லை. "தண்ணி வந்தப்புறம் எல்லாரும் விப்பாய்ங்க அத்தா. வர்றதுக்கு முந்தி விக்கிறதுதான் வியாபாரம்" என்றாள். அத்தா வெகுநாள் இதை எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கம்பெனி கொடுத்த படப் புத்தகத்தில், நீர்க்கரையில் வீடு வைத்திருப்பவர்களுக்காக என்று போட்டிருக்கும். ஏரியோரம் வெள்ளை வீடு, புல்தரை, நாய், படகு. எங்கள் ஊரில் நீர்க்கரையில் வீடு வைத்திருப்பவர் என்றால் பழைய கண்மாயில் பிளாட் வாங்கியவர் என்று அர்த்தம். மழை பெய்தால் அவர் வீட்டைத் தேடித் தண்ணீர் வரும். அப்படி ஒருவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்களைக் கேலி செய்யவே கடைக்கு வந்தார். "எங்க தெருவுக்கு ஒரு துறைமுகம் போட்டுத் தருவீங்களாம்மா? வருசா வருசம் என் ஸ்கூட்டர் முங்குது" என்றார். கஸ்தூரி சிரிக்கவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு அவரோடேயே வீட்டுக்குப் போய் ஸ்கூட்டரை அளந்தாள். படகுத் தொட்டிலைச் சற்றுக் குறுக்கி அவர் முன்வாசலில் நிறுத்தினோம். அடுத்த மழையில் தெருவே முட்டளவு தண்ணீரில் நிற்க, அந்த ஸ்கூட்டர் மட்டும் ஊஞ்சலில் வைத்த பிள்ளை மாதிரி மேலே உட்கார்ந்திருந்தது. அக்கம்பக்கத்தார் வேடிக்கை பார்க்க, பெரியவர் மாடியில் நின்று எல்லோருக்கும் கை காட்டினார். மதுரையில் நாங்கள் விற்ற முதல் படகுத் தொட்டில் அது. அதில் இன்றுவரை படகு ஏறியதில்லை.

இப்படியே தொட்டிலும் ஏணியும் போய்க்கொண்டிருந்தன. மேடை மட்டும் விற்கவில்லை. கொச்சிக்காரர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். இந்த மழைக்காலம் முடிவதற்குள் உங்கள் பக்கத்தில் ஒரு மேடையாவது தண்ணீரில் மிதக்க வேண்டும், மிதப்பதை எங்களுக்குக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் உரிமை வேறு ஆளுக்குப் போய்விடும். அன்று கஸ்தூரி சாப்பிடவில்லை. "கடையை மூடிட்டு மறுபடியும் தொட்டி விக்கப் போக என்னால முடியாது பானு" என்றாள். அவள் பயந்து நான் பார்த்தது அப்போதுதான்.

அந்த நேரத்தில்தான் எழுமலைப் பக்கமிருந்து ஒச்சப்பன் வந்தார். ஒரு கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருந்தார். கரையை ஒட்டி அவருக்கு ஒரு தென்னந்தோப்பு. மீனுக்குத் தீவனம் போடவும், பிடித்த மீனை இறக்கவும் ஒரு மேடை வேண்டும் என்றார். போய்ப் பார்த்தோம். கண்மாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

நான் வண்டியைத் திருப்பலாம் என்றேன். கஸ்தூரி கண்மாய்க்குள் இறங்கி நடந்தாள், நின்றாள், காலால் ஒரு கோடு கிழித்தாள். "இங்கயே கோத்துருவோம். தண்ணி வந்து தூக்கிக்கிரும்" என்றாள். கொச்சிக்காரர்கள் போனில் அலறினார்கள். தண்ணீரில் இறக்கித்தான் கோர்ப்பார்கள், தரையில் யாரும் மேடை போட்டதில்லை என்றார்கள். அதற்கு அவள் சொன்ன பதிலை நீங்களும் கேட்டிருப்பீர்கள், பிறகு எல்லாக் கண்மாயிலும் அதையே சொன்னாள்: "எங்க ஊர்ல தண்ணி வந்தப்புறம் வேலையத் தொடங்குனா, வேலை முடியிறப்ப தண்ணி போயிரும் சார்."

கோர்த்து முடித்தோம். ஒரு மூலையில் நீளச் சங்கிலி, அதன் மறுமுனையில் பெரிய கல். தண்ணீர் ஏற ஏறச் சங்கிலி பிரிந்து இடம் கொடுக்க வேண்டும் என்பதற்காக அதைச் சுருட்டி வைத்தோம். மேடையைக் கரையோடு இணைக்கும் நடைபாலத்தைத் தண்ணீர் நிலைத்த பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

மழை வருவதாக இல்லை. ஆனால் மேடை சும்மா இருக்கவில்லை. ஊர்ப் பெண்கள் அதில் மிளகாய் காயவைத்தார்கள். மத்தியானத்தில் ஆடுகள் படுத்தன, சாயங்காலம் சீட்டுக் கச்சேரி. ஒரு கல்யாண ஜோடி வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனது. எனக்கு எரிச்சல். கஸ்தூரிக்கு ஒரே குதூகலம். "தண்ணியே இல்லாம இம்புட்டு உபயோகம்னா, தண்ணி வந்தா யோசிச்சுப் பாரு" என்றாள். அவளோடு சண்டை போடவே முடியாது.

ஒரு நாள் விடிந்ததும் ஊரிலிருந்து போன். மலையில் நல்ல மழை, ஓடை உடைத்துக்கொண்டு வருகிறது, கண்மாயில் இடுப்பளவு தண்ணீர். கஸ்தூரி வண்டியில் ஏறும்போதே பாடிக்கொண்டுதான் ஏறினாள். உசிலம்பட்டி தாண்டுவதற்குள் இரண்டாவது போன். "மேடை தூக்கலக்கா. ஒரு பக்கம் முங்குது."

போய் நின்றபோது கரையில் ஊரே கூடியிருந்தது. மேடையின் ஒரு முனை தண்ணீருக்கு மேல் தவிக்கிறது, சங்கிலி கட்டிய மூலை முழங்கால் ஆழத்துக்குக் கீழே கிடக்கிறது. தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது. விஷயம் பிறகு தெரிந்தது. ஒச்சப்பன், யாராவது பெட்டிகளைக் களவாண்டுபோய்விடுவார்களோ என்று, நாங்கள் சுருட்டி வைத்த சங்கிலியைத் தளர்வே இல்லாமல் கல்லில் இறுக்கிச் சுற்றி ஒரு பூட்டும் போட்டுவிட்டார். காய்ந்த கண்மாயில் அது எவ்வளவு பத்திரமான காரியம்! ஆனால் ஆள் அன்றைக்குத் தேனியில் ஒரு காதுகுத்து வீட்டில். சாவி அவர் அரைஞாண் கயிற்றில். போனில் அழாத குறையாக, "களவு போயிரக்கூடாதுன்னுதான் தாயி பூட்டுனேன். இந்தா பொறப்பட்டுட்டேன்" என்றார்.

"அவரு வர்றதுக்குள்ள காதெல்லாம் பிஞ்சுரும்" என்றாள் கஸ்தூரி. பெட்டிகளின் காதைச் சொன்னாள். இளவட்டங்கள் நாலு பேர் முங்கிக் கல்லைப் புரட்டிப் பார்த்தார்கள். அசையவில்லை. மேடையிலிருந்து முறிகிற மாதிரி சத்தம் வரத் தொடங்கியது. அது கிழிந்தால் எங்கள் கடையும் அதோடு கிழிந்தது என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அவளுக்கு நீச்சல் தெரியாது. வண்டியிலிருந்த உயிர்காப்புச் சட்டையை விலைச்சீட்டோடு மாட்டிக்கொண்டாள். முளை திருகும் சாவியை எடுத்தாள். என் கையில் கைப்பேசியைத் திணித்து, "எடு. என்ன ஆனாலும் எடுத்துக்கிட்டே இரு" என்றாள். தண்ணீரில் நடந்து போய்ச் சரிந்த மேடையில் ஏறி, சறுக்கிச் சறுக்கி அந்த மூலைக்குப் போனாள்.

"சங்கிலிய விட்ருங்க, தம்பிகளா. பெட்டிய விட்ருவோம்" என்று கரையைப் பார்த்துக் கத்தினாள். அப்போதுதான் புரிந்தது. சங்கிலி கட்டியிருப்பது ஒரே ஒரு பெட்டியில். அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டால் மிச்ச மேடை தப்பிக்கும். தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவி ஒரு முளையைத் திருகினாள், வந்தது. அடுத்ததும் வந்தது. கடைசி முளை இறுகிவிட்டது. தண்ணீர் அவள் இடுப்பைத் தொட்டுவிட்டது. கஸ்தூரி தன் வீட்டு மொழியில் அந்த முளையை ஏதோ திட்டினாள், நல்ல வார்த்தையாக இருக்க வாய்ப்பில்லை. முழு உடம்பையும் திருகுசாவியின் மேல் போட்டாள்.

மேடை துள்ளியது. அப்படியே மேலே வந்து, தண்ணீரை நாலு பக்கமும் வாரி இறைத்து, அவளை மல்லாக்கத் தள்ளிவிட்டு, ஆடி ஆடி நின்றது. மிதக்கிறது! கரை முழுக்கக் குலவைச் சத்தம். நான் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அப்புறம்தான் கவனித்தோம், மேடை நிற்கவில்லை. கட்டிப் போட எதுவும் இல்லாததால் ஓடைத் தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு கண்மாயின் நடுவுக்குப் போகிறது. மேலே நீச்சல் தெரியாத கஸ்தூரி. எழுந்து நின்று இரண்டு கையையும் விரித்து, "எடுத்தியா பானு? மிதக்குதுடி" என்று கத்துகிறாள்.

வீடியோவைப் பார்த்த கொச்சிக்காரர்கள் கேட்ட ஒரே கேள்வி, மேடை ஏன் ஊர்வலம் போகிறது என்பது. "எங்க ஊர்ல சாமியே வருசம் ஒருக்காத் தெப்பத்துல சுத்தி வரும் சார்" என்றாள். உரிமை எங்களிடமே நிலைத்தது. தரையில் கோர்த்துவிட்டுத் தண்ணீருக்குக் காத்திருக்கும் முறையை இப்போது அவர்களே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒச்சப்பன் இன்னும் இரண்டு மேடை வாங்கினார். இறுதி ஊர்வலத்தில் மாலையோடு வந்து ஓரமாக நின்றார்.

அந்த வீடியோவின் தொடக்கத்தை எல்லோருக்கும் அனுப்பியிருந்தோம், பார்த்திருப்பீர்கள். மீதி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. அவள் வீட்டிலிருந்து திரும்பி வந்து உட்கார்ந்து அதைப் போட்டேன். மேடை எதிர்க்கரையை நோக்கி ஒதுங்கிக்கொண்டிருக்கிறது. நான் அவளைப் பிடிக்கக் கண்மாய்க்கரை மேல் ஓடுகிறேன். படம் குலுங்குகிறது, என் மூச்சிரைப்புதான் பெரிதாகக் கேட்கிறது. அதற்கு நடுவே தூரத்திலிருந்து அவள் குரல். அன்று அது என் காதில் விழவே இல்லை.

"ஏ பானு, ஓடாதடி. கரை வழுக்கும். சுத்திக்கிட்டு மெதுவாவே வா. நான் அந்தப் பக்கம் உக்காந்திருக்கேன்."

கடை இருக்கிறது, சாமான்கள் இருக்கின்றன, அதெல்லாம் எல்லோருக்கும் பொது. எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இந்தப் பேச்சை மட்டும்தான். வழியில் தண்ணீர் காணாத கண்மாய்கள் நிறையக் கிடக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு மேடை கோர்த்துவிட்டு, மெதுவாகவே வாரேன் கஸ்தூரி.