தாடிக்கார மாடுகள்

அத்தையின் பைனாகுலர் என்னிடம்தான் இருக்கிறது. நடுச் சக்கரத்தைத் தன் கண்ணுக்கு ஏற்றபடி திருகி வைத்திருந்தாள். எனக்கு அதில் எல்லாமே மங்கல். இருந்தும் அந்தச் சக்கரத்தை நான் தொடுவதில்லை.

அப்பாவின் அக்காவான அவள், புனேயில் தாபோடியில் எங்களோடுதான் இருந்தாள். தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். தொண்ணூறுகளில் வீட்டுக்குக் கேபிள் வந்ததிலிருந்து அவளுக்கு சீரியல் கிடையாது, ஆப்பிரிக்காதான். வில்டபீஸ்ட் மந்தை முதலைகளுக்கு நடுவே ஆற்றைக் கடப்பதைப் பார்க்கும்போதெல்லாம், "இந்தத் தாடிக்கார மாடுங்களை ஒரு தடவை நேர்ல பாத்துடணும்டா" என்பாள். நான் கம்ப்யூட்டர் வேலையில் காலூன்றியதும், ஒரு சுற்றுலாக் குழுவில் சேர்த்து அவளைக் கென்யாவுக்கு அழைத்துப் போனேன்.

புனேயிலிருந்து கிளம்பும் குழு என்றால் சமையல்காரரும் கூடவே வருவார். சிங்கம், யானையெல்லாம் அப்புறம்தான். மதியம் கூடாரத்தில் சோறும் பருப்பும் சூடாக இருந்தாக வேண்டும். மாசாய் இளைஞர்கள் எம்பிக் குதித்து ஆடியதையே பாதியில் விட்டுவிட்டு டீ குடிக்கத் திரும்பிய கூட்டம் அது.

கடைசி நாள் மாரா ஆற்றங்கரையில் மந்தை வந்து நின்றது. முதல் மாடு காலைத் தண்ணீரில் வைக்கும், உடனே பின்வாங்கும். அத்தை பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. வேனிலோ எல்லோருக்கும் பசி. "சலா, சலா" என்று கிளம்பச் சொல்லி மராத்தியில் நச்சரிக்கத் தொடங்கினார்கள். நான் சண்டைக்கே போய்விட்டேன். அத்தைதான் என் கையைப் பிடித்தாள்.

"விடு கண்ணு. சுகர்காரங்கல்லாம் இருக்காங்க. சாப்ட்டு வந்து பாத்துக்கலாம்."

திரும்பி வந்தபோது மந்தை அக்கரையில் மேய்ந்துகொண்டிருந்தது. இன்னொரு முறை வரலாம் என்றேன். அதற்குள் முழங்கால் போயிற்று, பிறகு அவளும் போய்விட்டாள். நடமாடிய வரைக்கும் மொட்டைமாடியில் நின்று, பக்கத்தில் ஓடும் முளா ஆற்றில் இறங்கும் எருமைகளைப் பைனாகுலரில் பார்ப்பாள். "ஓடியாடா, இறங்குதுங்க!" என்று கூப்பிடுவாள். அந்தக் குரலுக்காக ஏங்கிப் போகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பைனாகுலரோடு மாடிக்குப் போனேன். கரையில் நாலைந்து எருமைகள், மங்கலாக. முன்னால் நின்றது காலை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தது. கீழேயிருந்து மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். "ஆறட்டும்" என்று குரல் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றேன். வெகுநேரம் கழித்து அது இறங்கியது; மற்றவையும் பின்னாலேயே இறங்கின. கூப்பிட்டுக் காட்டப் பக்கத்தில் அத்தை இல்லை.