வினிகர் விட்டும் கரையாத வெள்ளை

சபையில் எல்லாரையும் சிரிக்கவைக்கிற ஆள் நான். என் பயத்தையே சாட்சியாகச் சொல்ல வேண்டிய நாள் வரும் என்று நினைக்கவில்லை. பயத்திலும் நான் கோமாளியாகத்தான் நடந்துகொண்டேன். ஆனால் வந்த ஆபத்து விளையாட்டு இல்லை.

2005 ஆகஸ்ட் மாதம். எனக்கு நாற்பத்தாறு வயது. செம்பாக்கத்தில் வீடு, தாம்பரத்தில் ஒரு பள்ளியில் பி.டி. வாத்தியார் வேலை. விசில் ஊதியே தொப்பை வளர்த்தவன். சாயங்காலமானால் கணுக்கால் வீங்கும், ஷூவைத் திட்டினேன். காலையில் தலை கனக்கும். காபி சரியில்லை என்று மனைவியைத் திட்டினேன்.

மகள் ஷீபாவுக்கு மெடிக்கல் சீட் கிடைக்க வேண்டும் என்று இரண்டு வருடம் உபவாசமிருந்து ஜெபித்தோம். கிடைக்கவில்லை. பி.எஸ்ஸி. பயோகெமிஸ்ட்ரியில் சேர்ந்தாள். கர்த்தர் கைவிட்டுவிட்டார் என்ற கசப்பு எனக்குள் இருந்தது. “அது படிச்சா என்ன வேலை சார் கிடைக்கும்?” என்று யாராவது கேட்டால், “பாட்டில் கழுவுற வேலை” என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். ஷீபா சிரித்ததில்லை.

இரண்டாம் வருடப் பிராக்டிகலுக்கு ஆளுக்கொரு சிறுநீர் சாம்பிள் கொண்டுவரச் சொன்னார்கள். அவள் என்னுடையதைக் கேட்டாள். ஜாம் பாட்டிலில் பிடித்துக் கொடுத்தேன்.

“டாடி, லேபிளையாவது கிழிச்சிருக்கலாம்ல? மிக்ஸட் ஃப்ரூட்னு போட்டிருக்கு.”

அந்தச் சோதனை எளிமையானது. சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி மேல்பாதியைச் சூடாக்குவார்கள். வெள்ளையாகக் கலங்கினால் அசிட்டிக் அமிலம் சில சொட்டு விடுவார்கள். கரைந்தால் வெறும் உப்பு. கரையாவிட்டால் புரதம், அதாவது சிறுநீரகம் கசிகிறது. என்னுடையது கரையவில்லை.

இரண்டு நாள் நான் செத்துப் பிழைத்தேன். அடக்க ஆராதனைக்குப் பாட்டுப் பட்டியலே எழுதிவிட்டேன். நம் பாடகர் குழு அதில் மூன்றாவது பாட்டைக் கெடுத்துவிடுமே என்ற கவலை வேறு.

மூன்றாம் நாள் ஷீபா அவளுடைய லேப் சார் சொன்னதைக் கொண்டுவந்தாள். பிள்ளைகளின் பழக்கத்துக்காகச் சில பாட்டில்களில் முட்டை வெள்ளைக்கரு கலப்பார்களாம். அதுவும் புரதம்தானே. உன் பாட்டிலிலும் கலந்திருக்கும், அப்பாவிடம் பயப்பட வேண்டாமென்று சொல் என்றாராம். புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் எழுந்து, “கர்த்தர் என்னை ஒரு கோழிமுட்டையிலிருந்து விடுவித்தார்” என்று சொன்னேன். பாஸ்டரே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் ஷீபா மெதுவாகச் சொன்னாள். “டாடி, சார் கலந்திருக்கும்னுதான் சொன்னாரு. நான் அந்தப் பாட்டில கீழ வைக்கவே இல்ல. கையிலயேதான் வெச்சிருந்தேன்.”

“விடும்மா, சாரே சொல்லிட்டாரு.”

“இன்னொரு வாட்டி பாத்துடலாம்.”

சனிக்கிழமை மத்தியானம். வானம் இருட்டிக் கிடந்தது, கரண்ட் இல்லை. சமையலறையில் காஸ் அடுப்பின் நீலச் சுடர் மட்டும். புதிதாகப் பிடித்துக் கொடுத்த என் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, துணிக் கிளிப்பால் பிடித்து அவள் சூடாக்கினாள். என் மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். குழாயின் மேல்பாதி, கஞ்சியில் ஆடை படிவதுபோல் மெல்ல வெளுத்தது.

“வினிகர் எடுங்க டாடி.”

அதிலும் அசிட்டிக் அமிலம்தானாம். எடுத்துக் கொடுத்தேன். கர்த்தாவே, கரைத்துவிடும் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். மூன்று சொட்டு. கரையவில்லை. பத்துச் சொட்டு. அப்படியே நின்றது.

“வினிகர் டூப்ளிகேட்டா இருக்கும்” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அங்கேயே, அடுப்படித் தரையில் முழங்காலிட்டேன். “ஆண்டவரே, என்னைப் பிழைக்க வையும்.” அவ்வளவுதான் வந்தது. விளையாட்டுப் பேச்சு இல்லாமல் நான் ஜெபித்தது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை குரோம்பேட்டையில் ஒரு டாக்டரம்மா பி.பி. பார்த்தார். நூற்றுத் தொண்ணூறு. நம்பாமல் மறு கையிலும் பார்த்தார்.

“யாரு சார் உங்கள அனுப்பினது?”

“என் பொண்ணுதாங்க. அடுப்புல வெச்சுப் பாத்தா.”

அவர் சிரிக்கவில்லை. “கிட்னி கெட ஆரம்பிச்சிருக்கு. இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா டயாலிசிஸுக்குத்தான் வந்திருப்பீங்க.”

மாத்திரை, உப்பில்லாத சாப்பாடு, மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. அடுத்த ஈஸ்டருக்குள் வீக்கம் வடிந்தது. நான்கு வருடம் ஆகிறது. கர்த்தருடைய கிருபையால் சிறுநீரகம் அதற்குமேல் கெடவில்லை.

ஷீபா எம்.எஸ்ஸி. முடித்து இன்று ஓர் ஆஸ்பத்திரி லேபில் இருக்கிறாள். அவள் கையெழுத்துப் போட்டால்தான் ரிப்போர்ட் வெளியே போகும். கூடப் படித்தவர்களில் ஒருத்தி மருந்து கம்பெனியில் தரம் பார்க்கிறாள், இன்னொருத்தி ஆராய்ச்சிக்குப் போயிருக்கிறாள். பிள்ளைகளை இந்தப் படிப்பில் சேர்க்கலாமா என்று கேட்கிறவர்களை இப்போது நான் லேசில் விடுவதில்லை. அவர்கள் பஸ் போய்விடுகிறது.

பிரியமானவர்களே, சீட்டுக்காக ஜெபித்தேன், கிடைக்கவில்லை. கரைத்துவிடும் என்று கெஞ்சினேன், கரையவில்லை. இரண்டில் ஒன்று நான் கேட்டபடி நடந்திருந்தாலும் இன்று உங்கள் முன் நின்றிருக்க மாட்டேன். பதில் வரவில்லை என்று சோர்ந்திருக்கிறவர்கள் அவரை நம்பிக் காத்திருங்கள். நாற்பது தாண்டியவர்கள் இந்த வாரமே பி.பி. பாருங்கள். தனியாகப் போகப் பயமாயிருந்தால் என்னைக் கூப்பிடுங்கள். பயப்படுவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.